எத்தனாலுக்கு எந்தப் பம்ப்

ஐப்பசி, வெள்ளி இரவு.

இன்று வேங்கிக்கால் ஷெட்டில் இருந்தது நான், பேத்தி தேவி, மெக்கானிக் பாஷா, என் தம்பி சேகர். தேவி தன் ரேஸ் காரை எத்தனாலுக்கு மாற்றுகிறாள். டேங்கிலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளும் பழைய பம்ப் ஒன்றைப் போன வாரமே சேகர் கொடுத்திருந்தான்.

"இது போதாதாடி? பெரிய பம்ப் வேணும்ங்கிறியே, எதுக்கு?" என்று கேட்டேன்.

"எத்தனால்ல சக்தி கம்மி ஆயா. ஜாஸ்தி ஊத்தணும். பத்தலைன்னா ஓடுறப்பவே என்ஜின் கருகிடும்."

அந்தப் பம்ப்பின் ரப்பரை எத்தனாலில் ஊறப்போட்டிருந்தாள். எடுத்துக் காட்டினாள். ஊறின கொண்டைக்கடலையாட்டம் உப்பியிருந்தது. அமுக்கிப் பார்த்தேன், பிய்ந்து கையோடு வந்தது.

"ஓடுறப்ப இது பிஞ்சா எத்தனால் கசிஞ்சு தீப்பிடிச்சிடும். எத்தனால் தாங்குற பம்ப்பே வாங்கிடலாம்மா" என்றார் பாஷா.

சேகர் சிரித்தான். "உப்பும்னு எனக்கும் தெரியும்க்கா. ஒரு ரேஸ் தாங்கும்."

தெரிந்தே கொடுத்திருக்கிறான். ஓட்டப்போவது என் பேத்தி. கட்டையில் போகும்வரை மன்னிக்க மாட்டேன், சேகரை.