பேழை தெருவுக்கு வந்த வருஷம்

மார்ச் 3

சினைப்பசு பக்கத்தில் நின்றிருந்தேன். கசாப்புக்கடை மர்சியால் வேலி தாண்டி ஓடிவந்தான். அவன் ஓடி நான் பார்த்ததே இல்லை. "லெயோனார், பேழை வருதுடா! மியூசியத்துல திருவிழாவுக்கு இரவல் தர்றேன்னுட்டாங்க!" பசு மிரண்டு வாளியை உதைத்தது. உதைக்கட்டும்.

புனித ஒர்வேனின் விரலெலும்பு எங்கள் கோயிலில்தான் இருக்கிறது. அதற்காக எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் செய்த நீல எனாமல் பேழையை, கூரை ஒழுகுகிறது என்று என் தாத்தா காலத்துச் சாமியார் மியூசியத்துக்கு விற்றுவிட்டார். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை புனிதர் ஊர்சுற்றுவார். பிஸ்கட் டப்பாவில் வைத்துத்தான் தூக்குகிறோம். மேலே பட்டு போர்த்துவோம். காற்றடித்தால் டப்பாவின் பூனைப்படம் எட்டிப்பார்க்கும். ஜனங்கள் பூனைக்கும் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

மார்ச் 19

மியூசியத்திலிருந்து மதாம் வோசெல் வந்தாள். கோயிலுக்குள் கண்ணாடிக்கூண்டில் வைக்கலாமாம், தெருவுக்குக் கூடாதாம்.

"ஆட்டம் தாங்காது. எனாமல் உதிர்ந்துடும்."

"நாங்க என்ன குடிச்சிட்டா தூக்கறோம்?" என்றான் மர்சியால்.

"போன தடவை குடிச்சிட்டுத்தான் தூக்கினீங்க" என்று பின்னாலிருந்து என் பெண்டாட்டி லியோனி. மதாமும் சிரித்துவிட்டாள். சிரித்தவள் இறங்கி வந்தாள்: அதே எடைக்கு ஒரு மரப்பெட்டி, உள்ளே ஆட்டத்தை அளக்கும் கருவி. நாங்கள் தூக்கி நடக்கும்போது அதன் விளக்கு பச்சையாகவே இருந்தால் பேழை தெருவுக்கு வரும்.

தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 7

ஒத்திகை. நாலு பேர். முன்னால் இடப்பக்கம் நான், அப்பா நின்ற இடம். மேளத்துக்கு அடி பிசகாமல் சிப்பாய்கள் மாதிரி நடந்தோம். சிவப்பு!

"நாலு காலும் ஒண்ணா இறங்குது, அதான் குலுங்குது. மேளம் வேண்டாம், ஆளுக்கொரு மாதிரி நடங்க" என்றாள் மதாம்.

அதுதானே எங்கள் பெருமை! மேளக்காரன் பெர்த்ரான் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். மர்சியால் போய் ஒரு முழப் பன்றிக்குடல் கொடுத்துச் சமாதானம் செய்தான். பெர்த்ரான் குடலுக்கு மயங்குவது இன்றைக்கு நேற்றைக்கா, அவன் கல்யாணமே அப்படித்தான் நடந்தது. அது வேறு கதை.

மே 2

மேளமில்லாமல் நடந்தோம். பச்சை, பச்சை, சிவப்பு. மறுபடி பச்சை, பச்சை, சிவப்பு.

என் கால்முட்டிதான். யாரும் சொல்லல. சொல்லவே இல்லையே, அதான் கொல்லுது. எல்லாரும் மேகத்தப் பாக்கறானுங்க. மேகத்துல என்னடா இருக்கு?

மே 3

நானே மர்சியாலிடம் போய்ச் சொன்னேன். தபால்காரி கொலெத் என் இடத்தில் நிற்கட்டும், மலைப்பாதை நடந்த கால். லியோனி ரொட்டிக்கு வெண்ணெய் தடிமனாகத் தடவினாள்.

மே 9

பச்சை! கடைசிவரை பச்சை! மர்சியால் மதாமைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டான். நானும் கத்தினேன், நிஜமாகத்தான் கத்தினேன்.

"துடைப்பம் எடுத்துட்டு முன்னால போ. ஒரு கல் கிடந்தாலும் உன்னத்தான் கேப்பேன்" என்றான் மர்சியால் என்னிடம்.

ஜூன் 14

பவனி. கல்லையும் பார்க்கவேண்டும், தூக்குகிறவர்களையும் பார்க்கவேண்டும். அதனால் பாதி வழி பின்பக்கமாகவே நடந்தேன். இத்தனை பவனியிலும் புனிதர் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தார். இன்றைக்கு நேருக்கு நேர். என்ன நீலம்! திருப்பத்தில் வெயில் பட்டதும் தெருவே சிலுவை போட்டுக்கொண்டது. நான் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

"கல்லுடா! கல்லு!" என்று பல்லைக் கடித்தான் மர்சியால்.

சாயங்காலம் பேழை வண்டியேறி மியூசியத்துக்கே போய்விட்டது.

ஜூன் 15

காலையில் தபாலோடு கொலெத் வந்தாள். தோள் கன்றியிருந்தது. "லெயோனார் அண்ணே, பேழை மேல ஏதோ உருவமெல்லாம் இருக்காமே? எனக்குத் தெருதான் தெரிஞ்சுது."

உட்காரச் சொன்னேன். புனிதர் ஓநாய் வாயில் கைவிட்டு ஆட்டுக்குட்டியை இழுப்பதிலிருந்து ஆரம்பித்தேன். இன்று எங்கள் தெருவில் மற்றவர்களுக்கு மதியத்துக்கு மேல்தான் தபால் கிடைத்தது.