மேகம் கட்டிய ஞாயிறு

போன வாரம் நம் மகள் ஏழாம் மாசத்துக்கு வீட்டுக்கு வந்தாள். பீரோவை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டவள், உன் புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளை கவுனை எடுத்தாள். இரண்டு சாண் நீளம், கழுத்தில் லேஸ், பாச்சை உருண்டை வாசனை. "யாருதுப்பா இது?" என்றாள். "உன்னுதுதான், கைப்பிள்ளையில போட்டது" என்றேன். நீ கண்ணை மூடிய இந்த நாலு வருஷத்தில் அந்தப் பீரோவில் நான் கை வைத்ததில்லை. அதை நீ பத்திரமாக வைத்திருந்தாய் என்பதே எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை வீட்டில், பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். இவளுக்கு மனசு ஒரு நிலைக்கு வரவில்லை. நீங்களும் அம்மாவும் எப்படி முடிவு பண்ணினீர்கள் என்று கேட்டாள். மேகம் முடிவு பண்ணிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்வதையே சொல்ல வாயெடுத்தேன்.

நீ மாதா கோயிலில் பாட்டுப் பாடி வளர்ந்தவள். நான் உப்பளத்துக்காரன், பாத்தியில் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வருஷத்தின் முதல் உப்பை வாருவோம். பதிவுத் திருமணம் பண்ணிக்கொண்டபோது சாமியைப் பற்றி நாம் பேசவே இல்லை. நீ மாசமான பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. "ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தா புள்ள எங்கங்க போவும்?" என்றாய். மூணு பேரும் ஒரே இடத்தில் கும்பிட வேண்டும், எந்த இடமாக இருந்தாலும் சரி என்பதுதான் உன் ஒரே பிடிவாதம். நானே வந்துவிடுகிறேன் என்று பெரிய மனுஷனாட்டம் சொன்னேன். மூணு மாசம், புதன்கிழமை தோறும் ஃபாதரிடம் பாடம் கேட்டேன். எனக்கும் பிள்ளைக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஞானஸ்நானம் என்று ஏற்பாடு.

அன்று விடியும்போதே மேகம் கட்டியிருந்தது. வாரிக் குவித்த உப்பு கரைந்துவிடும், மூடிவிட்டு வந்துவிடுகிறேன் என்று தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நீ பிள்ளைக்கு இந்தக் கவுனை மாட்டிக்கொண்டு முன்னால் போனாய். பூசை முடியும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பிள்ளைக்கும் ஞானஸ்நானம் கொடுக்காமலே திரும்பினாயாம். உன் அக்கா சொன்னாள். நான் திரும்பும்போது மத்தியானம். நீ திட்டவில்லை. சோறு போட்டாய். "நீங்க வர முடியாத எடத்துக்கு நானும் புள்ளையும் மட்டும் போனா வூடு ரெண்டாயிடும். நானே உங்க பக்கம் வந்துடுறேன்" என்றாய். அடுத்த வெள்ளிக்கிழமை பொட்டு வைத்துக்கொண்டு என்னோடு மாரியம்மன் கோயிலுக்கு வந்தாய். அப்புறம் மாதா கோயில் பேச்சையே நீ எடுக்கவில்லை. வேலை செய்யும்போது முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டும் நின்றுபோனது. நான் அதையும் கவனித்தேன், ஏன் என்று கேட்கவில்லை.

மகளிடம் இந்த முறை முழுசாகச் சொன்னேன். தார்ப்பாய் போட்டு மூட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பக்கத்துப் பாத்திக்காரர் வந்து, "நீ கெளம்புப்பா, நான் பாத்துக்குறேன்" என்றார். நான் கிளம்பவில்லை. சாமியை மாற்றிக்கொண்டால் என் அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது என்று பயம். மேகத்தைப் பார்த்ததும் எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. மேகம் கலைந்து வெயில் சுள்ளென்று அடித்த பிறகும் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவள் கவுனை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "இது அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது என்றேன். எந்தப் பக்கம் போனாலும், மனசில் இருப்பதை முதலில் புருஷனிடம் பேசிவிடு, அவனையும் பேச வை என்று மட்டும் சொன்னேன்.

வர முடியாத இடம் என்றாய். வர முடிந்தது. எனக்கு மனசில்லை. இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், இதை நான் உன்னிடம் சொல்லவில்லை.