யாளிக்கு யார் முகம்

புரட்டாசி, புதன்கிழமை. இரவு.

மனது ஒரு நிலையில் இல்லை. பிள்ளைகளுக்காக நான் எழுதும் சாகசக் கதையைச் செல்வி டீச்சரிடம் படிக்கக் கொடுத்திருந்தேன். இன்று குன்றக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்து திருப்பித் தந்தார். பள்ளியில் என் பக்கத்து வகுப்பில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். நடுவில் ஒரு தட்டிதான்.

கதையில் ஒரு யாளி, பறக்கத் தெரிந்த சிறுமியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறது. கடைசியில் அதைக் கல்லாக்கிவிடலாம் என்றிருந்தேன்.

"இந்த யாளி நாந்தான டீச்சர்? எப்புடிக் கண்டுபிடிச்சீக?" என்று சிரித்தார். "நீங்க கதை சொன்னா ஒங்க வகுப்புல மூச்சுச் சத்தங்கூடக் கேக்காது. இங்குட்டு எனக்கு வயிறு எரியும். பாவம், அதைக் கல்லாக்கிப்புடாதீக. அந்தப் புள்ளகூடச் சேத்துவிடுங்க."

உண்மையில் அந்த யாளி நான்தான். அவர் வகுப்பிலிருந்து வந்த சிரிப்பைக் கேட்டு எரிந்ததைத்தான் எழுதினேன். இரண்டு பிள்ளைகள் ஒருவர் சிலேட்டை ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, தன் விடைதான் தப்பு என்று இருவருமே அழித்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நாங்களும் அப்படித்தானா?

யாளியையும் சிறுமியையும் சேர்த்துவிடலாம். அது எளிது. ஆனால் உண்மையைச் சொன்னால் இனி என் வீட்டுக்கு வருவாரா? ஓய்வு பெற்ற பிறகு என்னைத் தேடி வந்தவர் அவர் ஒருவர்தான்.

படங்களைத் தானே வரைவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். காலையில் உட்கார்ந்துவிடுவாராம். அதற்குள் நான் சொல்லாவிட்டால், யாளிக்குத் தன் முகத்தையே வரைந்துவிடுவார்.