ராஜம் சீனம் படித்தது

12.3.1953, வியாழன்

பெரிய பேரன் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஆகிவிட்டான். சின்னவன் லோரி லைசென்ஸ் எடுத்துட்டான். பேத்தி ராஜம் ஈப்போ ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

மலைமேல் கியா பார்மிலிருந்து வரும் சீனக் காய்கறிக்காரியிடம் ராஜம் சீனம் படித்தபோது, "காட்டுல சீனக் கம்யூனிஸ்ட்டுங்களோட சண்டை நடக்குற அவசரகாலத்துல இது எதுக்கு, கீரை விக்கவா? போலீஸ்தான் வீட்டுக்கு வரும் லா" என்று என் மகன் திட்டினான். போலீஸ் வந்தேவிட்டது, வேலை கொடுக்க! பிடிபட்ட சீனர்களை விசாரிக்கும்போது மொழிபெயர்க்கணுமாம். பெரிய உத்தியோகமாம்.

"எங்கே வலிக்குதுன்னு கேக்கத்தான் படிச்சேன் அப்பாயி. மாட்டேன்னுட்டேன்" என்று இன்றைக்கு வந்த கடுதாசியில் எழுதியிருக்கிறாள். மகன் தலையில் அடித்துக்கொண்டான். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மாட்டேன் என்றவளையே அவர்கள் சந்தேகப்பட்டால்?

நாளைக்குப் பதில் எழுதணும். வெள்ளைத் தொப்பியோடு புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் போடச் சொல்லணும். பயந்திருக்கிறாளா என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.