ஒன்பதாம் மாத ஊசி

ஜூலை 29, செவ்வாய்

மன்னியுங்கள் அமலன், இன்றைக்கும் மணி பன்னிரண்டைத் தாண்டித்தான் எழுதுகிறேன். ஸ்டெபி இப்போதுதான் கண்ணயர்ந்தாள். கப்பலிலிருந்து வந்து படிப்பேன், பிள்ளையைப் பற்றி ஒன்றுவிடாமல் எழுதி வை என்று இந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். ஒன்றை மட்டும் விட்டிருக்கிறேன்.

ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி போட்டாச்சு என்று போனில் சொன்னேன் அல்லவா? போடவில்லை.

மூன்றாம் மாதத்து ஊசிக்குப் பிறகு வந்த காய்ச்சலை நீங்கள் பார்க்கவில்லை. நூற்றுமூன்று. துவண்டு போய் என் தோளில் கிடந்தாள். டாக்டர் சகஜம் என்றார். நானும் மைக்ரோபயாலஜி படித்தவள்தான். தட்டம்மைக் கிருமியைப் பற்றிப் பரீட்சையில் நாலு பக்கம் எழுதியவள். அந்த ராத்திரி அதெல்லாம் எங்கே போனது?

ஜூலை 30, புதன்

நர்ஸ் பானுப்ரியா வாசலுக்கே வந்துவிட்டாள். மாதா திருவிழா முடியட்டும் என்றேன்.

"திருவிழாவுக்கு வாரவங்க பூராப் பேரும் பிள்ளையத் தூக்கிக் கொஞ்சத்தான் போறாங்க. அதுக்கு முந்தில்லாக்கா போடணும்?"

அடுத்த புதன் வருகிறேன் என்று அனுப்பினேன். வருகிற எண்ணம் இல்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தூக்கம் வராமல் போனில் ஒரு தொடர் பார்க்க ஆரம்பித்தேன். இருநூறு வருஷத்துக்கு முந்தைய நம் கடற்கரை, முத்துக்குளிக்கிறவர்கள் கதை. கட்டியிருக்கிற சேலையெல்லாம் புத்தம்புதுசு. சிரிப்பு வந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சிரிப்பு போய்விட்டது.

சிந்தாத்திரை என்று ஒருத்தி. புருஷன் காலில் கல்லைக் கோத்து மூழ்குகிறவன். தோணியில் இருந்து அவன் கயிற்றைப் பிடிப்பது அவளுடைய அண்ணன். அந்தக் காலத்தில் அப்படித்தானாம் — மச்சினன் கையில் கயிறு இருந்தால், தங்கச்சி தாலியை நினைத்தாவது விடமாட்டான் என்று.

கரையில் ஓலைக்குடிசை. அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் மணல்வாரி. தட்டம்மைதான். வேப்பிலை வைக்கிறாள், அந்தோனியாருக்கு நேர்ச்சை நேர்கிறாள், குடிசை குடிசையாக ஓடிக் கேட்கிறாள். மூத்தவன் திங்கட்கிழமை போகிறான். வியாழக்கிழமை சின்னவள்.

சின்னவளைச் சேலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பாய்மரம் தெரிகிற வரை கரையில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வாரமாகக் கடலில் இருந்த தோணி மத்தியானக் காற்றுக்கு வருகிறது. அண்ணன்தான் முதலில் குதிக்கிறான். "உன் மாப்பிள்ளைய முழுசாக் கொண்டாந்துட்டேன்ளா" என்று சிரிக்கிறான். அவள் துணியை விலக்கிக் காட்டுகிறாள்.

அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. போனைக் கவிழ்த்துவிட்டு ஸ்டெபியின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு. சூடான மூச்சு.

கடலுக்கடியில் போகிற ஆளைப் பிடிக்கக் கயிறு இருந்தது. அந்தப் பிள்ளைகளைப் பிடிக்க ஒன்றுமே இல்லையே. இப்படி ஒரு மருந்து இருக்கிறது என்று தெரிந்திருந்தால், சிந்தாத்திரை அதைத் தேடிக் கடலுக்கடியில்கூடப் போயிருப்பாள். எனக்கு அது இரண்டு தெரு தள்ளி ஐஸ் பெட்டியில் இருக்கிறது. சும்மா கொடுக்கிறார்கள். வாசல் வரை வந்து கூப்பிடுகிறார்கள்.

நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

ஆகஸ்ட் 4, திங்கள்

எங்கள் ரோச் அண்ணன் ஹார்பரில் லாரியை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், உங்களிடம் சொன்ன பொய்யையும். குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"அந்தக் காலமா இருந்தா நாந்தாம்ளா உன் மாப்பிள்ளைக்குக் கயிறு பிடிச்சிருப்பேன்."

"நீ பாதியில போன் பார்த்திருப்ப. அவரு அங்கனயே கிடந்திருப்பாரு."

"அந்தக் காலத்துல போன் ஏதுளா?" என்றவர், கை கழுவும்போது, "புதன்கிழமை நான் வாரேன். பிள்ளைய நான் பிடிச்சிக்கிடுதேன்" என்றார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா சப்பரம். பிள்ளையைக் கூட்டத்துக்குள் கொண்டுபோகவில்லை. மாடியில் நின்று கும்பிட்டோம்.

ஆகஸ்ட் 6, புதன்

போட்டாச்சு.

பானுப்ரியா குப்பியைக் கண்ணுக்கு நேரே காட்டினாள். அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் வெளிறிய சிறு சதுரம். "வழியில சூடு பட்டிருந்தா இந்தச் சதுரம் கறுத்திருக்கும்கா. கறுத்ததப் போட மாட்டோம்." எங்கேயோ செய்த மருந்து, ஓரிடத்திலும் சூடுபடாமல், ஐஸ் மாற்றி ஐஸ் மாற்றி, எத்தனையோ கைகள் தாண்டி, நம் பிள்ளையின் வலது கை வரை வந்திருக்கிறது. அவர்களில் ஒருத்தருக்கும் ஸ்டெபி யாரென்று தெரியாது. அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு பக்கம் எழுதிய பரீட்சையில் எனக்கு இது விளங்கவில்லை, அமலன்.

ஸ்டெபி அலறினாள். அண்ணன் அவளை இறுக்கிப் பிடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னண்ணாச்சி, ஊசி பிள்ளைக்கா ஒங்களுக்கா?" என்றாள் பானுப்ரியா.

ராத்திரி நூற்றொன்று. மருந்து கொடுத்தேன். அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. அவருடைய சுண்டுவிரலை ஸ்டெபி பிடித்திருந்தாள். விடிகிற வரை அவர் கையை அசைக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பகல் பதினொரு மணி. இன்றைக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். நேற்றே காய்ச்சல் விட்டது. ஒரு வாரம் கழித்தும் ஒருதடவை காயலாம் என்று பானுப்ரியா சொல்லியிருக்கிறாள். காய்ந்தால் பார்த்துக்கொள்கிறேன். ஸ்டெபி பேனாவைப் பிடுங்குகிறாள்; பக்கத்தின் ஓரத்தில் இருக்கிற கோடு அவள் போட்டது.

நீங்கள் வந்து படிக்கிற வரை இதை வைத்திருக்க மனசில்லை. எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து இப்போதே அனுப்புகிறேன், பொய்யை ஒப்புக்கொண்ட பக்கத்தையும். கோபம் இருந்தால் அதையும் எழுதுங்கள். சிக்னல் கிடைத்ததும் சீக்கிரம் பதில் போடுங்கள்.