கீழ் லயத்துப் பெயர்கள்

கூட்டாளி, உங்கள் கீழ் லயத்தைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டார்கள். அந்தப் பட்டியல் எழுதப்பட்டது எங்கள் கடையில். பெயர்களைச் சொன்னவன் நான்.

இன்று காலை குறிஞ்சாக்கேணிக் கரைக்குப் போனேன். மலையில் பெருமழை போலிருக்கிறது. நம் பள்ளத்தாக்கிலிருந்து இறங்கிவரும் ஆறு கொண்டுவந்த மண்ணில் தண்ணீர் தேயிலைச் சாயமாகக் கிடந்தது. இப்படிக் கலங்கும் நாளில் நீங்கள் பாலையூற்றிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவீர்கள். ஒரு கை அள்ளி முகர்ந்து, "நம்ம ஊரு வந்திருக்கு, நானா" என்று என்னை அண்ணன் முறையில் கூப்பிட்டுச் சொல்வீர்கள். நீங்கள் கண்மூடிய பிறகு வரும் முதல் வெள்ளம் இது. தனியே நின்றேன். அள்ள மனம் வரவில்லை.

நம் பள்ளத்தாக்கை இங்கே யாருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. அங்கே ஆற்றின் இக்கரையில் படிப்படியாக வயல், அதற்கு மேலே சிங்களவரின் வீடுகள், விகாரை. பாலத்தடியில் எங்கள் கடைத்தெருவும் பள்ளிவாசலும். அக்கரைச் சரிவு முழுக்கத் தேயிலை. அதன் அடியில், தண்ணீருக்குச் சமீபமாக, தோட்டத் தொழிலாளரின் வரிசை அறைகள், உங்கள் கீழ் லயம். லயத்துக்கு விலாசம் கிடையாது. உங்கள் ஆட்களின் கடிதங்கள் எல்லாம் எங்கள் கடைக்குத்தான் வரும். பெயர் பார்த்துக் கொடுப்பது என் வேலை. பள்ளிக்கூடம் போகாத நான் எழுத்துப் படித்ததே அந்தக் கடித உறைகளில்தான்.

அணை கட்டுவதற்காக எங்களைக் குடியெழுப்ப, பெயர் பதிய வந்த அதிகாரி எங்கள் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். வயல்காரரைச் சொன்னேன், கடைக்காரரைச் சொன்னேன். அக்கரையைக் கேட்டபோது, "அது தோட்டத்து ஆக்கள், ஐயா. அவங்களத் தோட்டம் எழுதும்" என்றேன். பிறந்ததிலிருந்து நான் கண்டது அதுதான். தோட்ட நிர்வாகமோ, ஆற்றோர நிலம் தன்னுடையதல்ல என்று கைகழுவியது. வயல்காரருக்கு மாற்றுக் காணி கிடைத்தது. எங்களுக்கும் கிடைத்தது. உங்கள் வாசல்படியில் தண்ணீர்தான் ஏறியது.

காணியில்லாமல் மலையிறங்கி வந்து கந்தளாயில் கரும்பு வெட்டினீர்கள். பிறகு பாலையூற்றில் குடில் போட்டீர்கள். அங்கே வைத்து ஒருநாள் நான் நடந்ததைச் சொன்னேன். நீங்கள் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "காயிதம் வந்தா மட்டும் எங்க எல்லார் பேரும் ஒங்களுக்குத் தெரியும்" என்றீர்கள். பிறகு சிரித்து, எனக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றும்படி மகளிடம் சொன்னீர்கள். ஏசியிருக்கலாம். அந்தச் சிரிப்பை இன்னும் இறக்கிவைக்க முடியவில்லை.

இப்போது அந்த மகள் குடிலிருக்கும் வளவுக்கு உறுதிப் பத்திரம் கேட்டு அலைகிறாள். பட்டியலில் தகப்பன் பெயர் இருந்தால் தரலாமாம். இல்லையென்றால் லயத்தில் இருந்ததற்கு அத்தாட்சி வேண்டுமாம். லயம் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. நானும் கூடப் போய்ச் சொன்னேன். கிழவனின் கதை அத்தாட்சி ஆகாதாம். கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. விடவும் மாட்டேன்.

காணிக் கந்தோரில் இருக்கும் அதிகாரிகள் அந்தப் பட்டியலைத் திரும்பத் திறக்க வேண்டும். தோட்டம் தன் பழைய பேர் இடாப்பை, அந்தப் பதிவேட்டை, வெளியே எடுக்க வேண்டும். வயல்காரரில் உயிரோடு இருப்பவர்கள், அக்கரையில் யார் விளக்கேற்றினார்கள் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். உங்கள் மகள் மனுவைத் திருப்பி எடுக்கக் கூடாது. நான், கடிதம் வாங்க இறங்கிவந்த எல்லாரையும், லயத்தின் முதல் காம்பராவிலிருந்து கடைசிக் காம்பரா வரை, அறை அறையாக, பெயர் பெயராக எழுத வேண்டும்.

ஒன்பதாவது காம்பரா உங்களுடையது. அதை எழுதிவிட்டேன்.