பத்மஜா அக்கா வீட்டுக் கிணறு

பிப்ரவரி 26, புதன்

குழாயில் தண்ணீர் வந்து இன்றோடு ஐந்து நாள். சந்தில் மொத்தம் பதினொரு வீடுகள். நல்ல கிணறு இருப்பது எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம், பத்மஜா அக்கா வீட்டில் மட்டும்தான். அக்கா கேட்டைத் திறந்தே போட்டுவிட்டார். காலையிலிருந்து குடமும் பக்கெட்டுமாக ஆட்கள். எங்களுக்குப் போர் தண்ணீர் இருப்பதால் நான் போகவில்லை. உப்புத்தான், ஆனாலும் ஓடுகிறது.

அக்கா மகள் மாளவிகாவுக்கு அடுத்த வாரம் பிளஸ் டூ பரீட்சை. இத்தனை சத்தத்திலும் மாடியில் நடந்துகொண்டே படிக்கிறாள். "நாலு பேர் தண்ணி எடுத்தாத்தானே கிணறு கிணறா இருக்கும், ஷிஜா?" என்கிறார் அக்கா. வலியசாலை அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். கணவர் இறந்தபின் மகளோடு இங்கே வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. நாங்கள் வந்து ஒன்றரை வருடம். இந்தச் சந்தில் என்னை முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அவர்தான்.

மார்ச் 1, சனி

மூலைவீட்டில் தங்கியிருக்கும் கொத்தனார்களில் ஒருவருக்கு மஞ்சள்காமாலையாம். தென்காசிப் பக்கத்து ஆட்கள், ஐந்து பேர். வந்த நாளிலிருந்தே அக்கா கிணற்றுத் தண்ணீர்தான் குடிக்கிறார்கள். மேஸ்திரி உச்சிமாகாளி அவரை ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

மார்ச் 5, புதன்

மாளவிகாவுக்குக் காய்ச்சல். நேற்று பரீட்சை ஹாலில் வாந்தி எடுத்தாளாம். வேலைக்குப் போகும் வழியில் ஏறிப் பார்த்தேன். கண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ரத்தம் எடுத்து நான் வேலை பார்க்கும் லேபுக்கே கொண்டுபோனேன். பிலிருபின் 6.8. ஒன்றைத் தாண்டக் கூடாதது.

அக்காவுக்கு போனில் சொல்லும்போது குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயன்றேன். "பயப்படாதீங்கக்கா, இந்த வயசுல தானா சரியாயிடும்." பெரும்பாலும் அப்படித்தான். பெரும்பாலும்.

மார்ச் 7, வெள்ளி

மாளவிகாவுக்கு 11.2. எதிர்வீட்டுத் தாசம்மாளுக்கும் வந்துவிட்டது. அவரும் எப்போதும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் குடிப்பார்.

மார்ச் 8, சனி

எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுதவும் பயமாக இருக்கிறது.

டிசம்பரில் எங்கள் செப்டிக் டேங்க் நிறைந்து வழிந்தது. என் கணவர் பிரவின் ஆள் வைத்து மதிலோரம் ஒரு குழி தோண்டி, வழியும் தண்ணீரை அதில் விட்டார். "கிணறு பக்கத்துல இருக்கு, அளந்துட்டுத் தோண்டுங்க" என்று சொன்னேன். சொன்னேனே தவிர, அளந்தாரா என்று கேட்கவில்லை.

ஜனவரியில் அவருக்கே காமாலை வந்தது. ஏ.சி. மாட்டப் போன இடத்தில் எதையோ குடித்ததால் வந்தது. எனக்குச் சின்ன வயதில் வந்துபோனதால் மறுபடி வரவில்லை. வீட்டோடு வைத்துப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் சரியாக்கினோம். என்னத்துக்கு ஊரைக் கூட்டணும் என்று.

இன்று அவர் இல்லாத நேரத்தில் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே ஏழரை மீட்டராவது இருக்க வேண்டும். மதிலுக்கு மேல் டேப்பை நீட்டிப் பிடித்து இரண்டு தடவை அளந்தேன்.

ஐந்தரை.

ஜனவரியில் அவருக்கு. ஒரு மாதம் கழித்துக் கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களுக்கு. லேபில் நிற்கிறவளுக்கு இந்தக் கணக்குப் புரியாதா?

மார்ச் 9, ஞாயிறு

அசோசியேஷன் கூட்டம், செயலாளர் திரவியம் சார் வீட்டு போர்ட்டிகோவில். காமாலையைக் கொண்டுவந்தது மூலைவீட்டுக்காரர்கள்தான் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. முதலில் வந்தது அவர்களில் ஒருவருக்குத்தானே. "வியாழக்கிழமை கோயில் பொங்காலைக்கு முன்னே ரூமை ஒழிக்கணும். ஓனர்கிட்ட சம்சாரிச்சாச்சு, அவரும் சரின்னுட்டார்" என்றார் சார்.

உச்சிமாகாளி கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். "நாங்களும் அந்தத் தண்ணியத்தான சார் குடிச்சோம்? எங்க ஆளுக்கும்லா வந்துச்சு?" யாரும் பதில் சொல்லவில்லை.

நானும்தான். இரண்டாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 10, திங்கள்

பிரவினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் கத்தினார். "ஒனக்கு என்ன உறுதி? எல்லாவன் வீட்டுலயும் குழி இருக்கு. நீ சும்மா இரி, ஷிஜா. சொன்னா இந்தச் சந்துல பிறகு தலைய நிமித்தி நடக்க முடியுமா?"

"அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா முடியுமா?"

காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அது ஆடை கட்டிக் கிடந்தது.

மார்ச் 11, செவ்வாய்

14.6. ரத்தம் உறையும் நேரமும் கூடிவிட்டது, ஈரல் தளர்கிறது என்று அர்த்தம். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன், மிஷினில் தப்பு இருக்கட்டும் என்று. தப்பில்லை. பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

கர்த்தாவே. அவளுக்குப் பதினேழு வயசு.

மார்ச் 12, புதன்

சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. குழி, ஐந்தரை மீட்டர், பிரவினுக்கு வந்த காமாலை என்று எதை முன்னால் சொன்னேன், எதைப் பின்னால் சொன்னேன் என்றுகூட நினைவில்லை.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜனவரிலயே தெரியுமா நோக்கு?"

"அவருக்கு வந்தது தெரியும். குழி இவ்வளவு பக்கம்னு சனிக்கிழமைதான் தெரியும்."

"இன்னைக்கு புதன்."

"ஆமாக்கா."

"நீ போ, ஷிஜா. இப்போ போ."

போனேன். நேராகத் திரவியம் சார் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றே அவரிடமும் சொன்னேன். மூலைவீட்டுக்காரர்களைப் போகச் சொல்ல வேண்டாம், போக வேண்டுமென்றால் நாங்கள்தான் போக வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் ஹெல்த் இன்ஸ்பெக்டருக்கு போன் பண்ணினார்.

வீட்டுக்கு வந்து மத்தியானம் இரண்டு மணிக்குச் சோறு சாப்பிட்டேன். நாலு நாளுக்கு அப்புறம் இன்றுதான் சோறு இறங்கியது. இதற்கு வெட்கப்பட வேண்டுமா?

மார்ச் 13, வியாழன்

பொங்காலை. அம்மனுக்குப் பொங்கலிட நகரம் முழுக்கச் செங்கல் அடுப்பு. எங்கள் சந்திலும் இரண்டு பக்கமும் வரிசையாகப் பானைகள். போன வருடம் எங்கள் கேட்டை ஒட்டி மூன்று அடுப்பு இருந்தது. இன்று எங்கள் மதில் நீளத்துக்கும் வெறும் தரை. புகை மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

மூலைவீட்டில் ஆட்கள் இருந்தார்கள். பெட்டி கட்டவில்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்ஸ்பெக்டர் வந்தார். எங்கள் டேங்கில் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றினார். கிணற்றில் நிறம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிரவின் பக்கத்திலேயே நின்று, கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொன்னார். "அளந்தீங்களா?" "இல்ல சார்." அந்த இரண்டு சொல்லைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது!

மார்ச் 16, ஞாயிறு

காலையில் கிணற்றில் வாளி போட்டு இழுத்தார்கள். தண்ணீர் பச்சை. லேசாகத்தான், ஆனால் பச்சை.

அக்கா துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி வாளிக்குள் எட்டிப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். போகச் சொல்லவில்லை.

பத்து மணிக்கு லேபிலிருந்து போன். 13.1. முதல் தடவையாகக் குறைந்திருக்கிறது. அக்காவிடம் ஓடினேன். "கொறஞ்சிருக்குக்கா. பதிமூணு. ரத்தம் உறையறதும் சரியாகி வருது." அவர் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்சநேரம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தேன். தரை ஈரமாக இருந்தது, அதற்கென்ன.

மார்ச் 18, செவ்வாய்

10.4.

மார்ச் 20, வியாழன்

7.9. பிரவின் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். நான் போகச் சொல்லவில்லை, அவராகவே போனார். பத்மஜா அக்கா வராந்தாவில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாராம். "படிச்சவா ரெண்டு பேர் இருக்கற ஆத்துல ஒரு டேப் எடுத்து அளக்கறதுக்கு என்னடா கேடு? என் கொழந்தை போயிருந்தா என்ன பண்ணியிருப்பே?" நர்ஸ் வந்து மெதுவாகப் பேசச் சொல்லும்வரை திட்டினாராம்.

அதைச் சொல்லும்போது பிரவினுக்குக் கண் நிறைந்திருந்தது. ஆனால் ஒரு வாரமாகக் குனிந்தே கிடந்த மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "நல்லா ஏசிட்டாவ. இனி கொஞ்சம் மூச்சு விடலாம்."

மார்ச் 23, ஞாயிறு

குழியை மூடிப் புது டேங்க் கட்டும் வேலை ஆரம்பம். கிணற்றுக்கு எதிர்ப்பக்கம், பதினொன்றரை மீட்டர் தள்ளி. கட்டுவது உச்சிமாகாளி ஆட்கள்தான். டேப்பை அவரே என் கையில் கொடுத்து, "நீங்க பிடிங்கக்கா" என்றார்.

டீ கொண்டுபோனபோது சொன்னார். "நீங்க சொல்லலன்னா நாங்க எல்லாரும் இந்நேரம் ஊருலதான் கெடந்திருப்போம். ஆனா ஒண்ணுக்கா. அந்த மீட்டிங்குலயே சொல்லிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்" என்றேன்.

டீயை வாங்கிக் குடித்தார்.

ஏப்ரல் 2, புதன்

மாளவிகா வீட்டுக்கு வந்துவிட்டாள். 2.6. பிலிருபினைச் சொல்கிறேன். எடை ஆறு கிலோ போய்விட்டது. தாசம்மாளும் தேறிவிட்டார். ஊருக்குப் போன கொத்தனார் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறார்.

விட்டுப்போன பரீட்சைகளை ஜூனில் எழுதலாமாம். "ஷிஜா சேச்சி, ஒரு மாசத்துக்கு எண்ணெயே கூடாதுன்னு டாக்டர் பறஞ்சார். எனக்கு மசால்தோசை வேணும்" என்று மாடியிலிருந்து கத்தினாள்.

ஏப்ரல் 19, சனி

கிணற்றை இறைத்து, சேறு வாரி, குளோரின் போட்டார்கள். மறுபடி பரிசோதனை. சுத்தம். அறிக்கையைத் திரவியம் சார் வாட்ஸாப் குழுவில் போட்டார். கீழே பதினொரு வீட்டிலிருந்தும் கட்டைவிரல். எங்கள் வீட்டையும் சேர்த்து எண்ணினேன்.

ஜூன் 28, சனி

நேற்றோடு மாளவிகாவின் பரீட்சை முடிந்தது. கெமிஸ்ட்ரி கஷ்டமாம், மற்றதெல்லாம் பரவாயில்லையாம்.

காலையிலிருந்து மழை. ஆறாம் நம்பர் வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்து இறங்கியது. நான் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே பத்மஜா அக்கா குடையோடு அந்தப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். "கரண்டு போனா மூலைவீட்டு உச்சிமாகாளிகிட்டச் சொல்லுங்கோ, ஆள் பிடிச்சுத் தருவார். உடம்புக்கு முடியலேன்னா தோ அங்க நிக்கறாளே, அவதான் எங்க ஷிஜா. லேப்ல வேலை. எதுவானாலும் அவகிட்டக் கேக்கலாம்."

எங்க ஷிஜா.

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு, ஏணி இருக்குமா என்று கேட்டாள். ஓடு ஒன்று ஒழுகுகிறதாம்.

இருந்தது. பிரவினும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நனைந்துகொண்டே கொண்டுபோய்க் கொடுத்தோம்.